ஆட்டிக்கில் ஒழுகும் குளிர்

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் வீடு வாங்கிய நம் பிள்ளைகளிடம் பேசினால், ஜூலை மாதத்தில் கரண்ட் பில் பேச்சு வராமல் இருக்காது. ஏ.சி. மெஷின் பழசு என்பார்கள், மாற்றியும் விடுவார்கள். மாடி அறை அப்போதும் குளிராது. கோளாறு பல வீடுகளில் மெஷினில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.

டெக்ஸாஸ் வீடுகள் பெரும்பாலும் தரையோடு போட்ட கான்கிரீட் தளத்தில் எழுபவை. நிலவறை கிடையாது. அதனால் கோடையில் குளிர்காற்றும் பனிக்காலத்தில் வெப்பக்காற்றும் போகும் டக்ட், சாய்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள ஆட்டிக்கில் ஓடுகிறது. கோடைப் பிற்பகலில் அங்கே 55 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். குழாய்க்குள்ளோ சுமார் 13 டிகிரிக் காற்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது மூன்று அங்குலம்கூடத் தேறாத கண்ணாடி இழைப் பஞ்சு. ஆட்டிக் டக்டுக்கு, வெப்பத்தைத் தடுக்கும் திறனில் ஆர்-8 தரப் பஞ்சு வேண்டும் என்று கட்டட விதி சொல்வது இதனால்தான்.

ஆனால் பஞ்சு வெப்பத்தைத்தான் தடுக்கும், காற்றைத் தடுக்காது. சாதாரண வீட்டில் டக்ட் வழியே போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிந்து வீணாகிறது என்கிறது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம். திரும்பி வரும் குழாயில் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். ஆட்டிக்கின் சூட்டையும் தூசியையும் உறிஞ்சிப் படுக்கையறைக்கே கொண்டுவந்துவிடும்.

ஆகவே முதலில் அடைப்பு, பிறகுதான் போர்வை. நல்ல வேலைக்காரர் தகர வளையத்தின் மேல் குழாயின் உள்ளுறையை இழுத்து மாட்டி, பட்டி போட்டு இறுக்குவார். இணைப்பைச் சுற்றி மாஸ்டிக் பசையை ஐந்து சென்ட் நாணயத்தின் கனத்துக்குப் பூசுவார். அதன் பிறகே பஞ்சையும் மேலுறையையும் இழுத்து மூடுவார். அவசரக்காரர் சாம்பல் நிறத் துணி டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கிவிடுவார். பெயர் என்னவோ டக்ட் டேப்! 1998-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை அடைப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது, தோற்றது அந்தத் துணி டேப்தான்.

வளையும் குழாயைத் தொய்யவிட்டாலும் காற்று திணறும். நான்கடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். இடையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது.

ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊரில் மேலுறை கிழிந்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து குழாய் வியர்க்கும். உட்கூரையில் பழுப்புக் கறை படியும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அதற்கு ஆள் தேடுவார்கள்.

புது வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உட்கூரை மேல் பஞ்சைக் கொட்டிவிட்டால் இணைப்புகளைப் பார்க்க முடியாது. அதற்கு முன்பே ஒருமுறை டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். குழாயில் 25 பாஸ்கல் அழுத்தம் கொடுத்துச் செய்யும் கசிவுச் சோதனையின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.