உங்களுக்குத் தெரியுமா? கிழட்டு வில்லுக்கு வைத்தியம்

வில்லுக்கும் முதுகு, வயிறு உண்டு. இலக்கைப் பார்த்திருப்பது முதுகு. எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு. நாணை இழுத்தால் முதுகு விரியும், வயிறு நெரியும். அதனால்தான் பழைய மரவில்லின் முதுகில் சிராய் கிளம்புகிறது. வயிற்றில் குறுக்காக மயிரிழைக் கோடுகள் விழுகின்றன.

சிராய் சிறியதென்றால் வில் பிழைக்கும். அடியில் பசையை ஊறவிட்டு, அமுக்கிப் பிடித்து, காய்ந்ததும் நூலை இடைவெளியின்றிச் சுற்றி, அதன்மேலும் பசை பூசுவார்கள். மர ரேகையோடு நீளவாக்கில் ஓடும் வெடிப்பும் பெரும்பாலும் பயமில்லை. முதுகில் குறுக்கு வெடிப்பா? எவ்வளவு கட்டுப் போட்டாலும் முகத்தருகே இழுக்கிற பொருள் அது. சுவரில் மாட்டிவிடுங்கள்.

வயிற்றுக் கோடுகளுக்கு மருந்து வேறிடத்தில்! அந்த இடம் மட்டும் அதிகமாக வளைவதால்தான் நெரிகிறது. ஆகவே அதைத் தொடாமல், இருபக்கமும் விறைப்பாக நிற்கும் பகுதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, வளைவைப் பரவலாக்க வேண்டும். வில்லின் பலம் சற்றுக் குறையும்; ஆயுள் கூடும். நல்ல பேரம்தான்.

1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவர் இஷி, வில்லின் முதுகுக்கு மான் தசைநாணை ஒட்டினார். அதை வாயிலிட்டு மென்று மென்மையாக்குவார். பசை, சால்மன் மீன்தோலைக் காய்ச்சியது. தசைநாண் காயும்போது சுருங்கி வில்லையே முன்பக்கமாக இழுக்கும். விரியும் வேலையையும் அதுவே ஏற்பதால் மரத்துக்குப் பாரம் குறைவு.

ஆர்க்டிக்கின் இன்யூட் மக்களுக்குக் கிடைத்ததோ கடலில் ஒதுங்கிய கட்டை. அவர்கள் ஒட்டவில்லை, கட்டினார்கள்: தசைநாண் கயிறுகளை முதுகு நெடுகக் கட்டி, தளர்ந்தால் முறுக்கேற்றிக்கொண்டார்கள். அவிழ்த்துக் கட்டக்கூடிய வலுவூட்டல் என்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

1545இல் வெளியான ‘டாக்சோஃபிலஸ்’ என்ற வில்வித்தை நூலில் ஆங்கில அறிஞர் ரோஜர் ஆஸ்கம், மெழுகு தடவிய கம்பளித் துணியால் வில்லைத் தினமும் பளபளக்கத் தேய்க்கச் சொல்கிறார். காரணம், ஈரம் மரவில்லுக்குப் பகை.

பழுது பார்த்த வில்லால் எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வளைவு நிரந்தரமாகப் படிந்துவிடும். அம்பில்லாமல் நாணை இழுத்துவிடும் விளையாட்டும் வேண்டாம். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை அத்தனையும் கட்டைக்குள்ளேயே இறங்கும். புது வில்லே அதில் உடைவதுண்டு.