ஒழுகும் மாட்டுத் தொட்டி

மாட்டுத் தொட்டியில் நீர் குறைந்தால் மாடு குடித்துவிட்டது என்றே முதலில் எண்ணுகிறோம். கோடையில் கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேலும் குடிக்கக்கூடுமாதலால் அவ்வெண்ணம் இயல்பே. ஆனால் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 20 லிட்டர் போயிற்று என்று பொருள். ஓர் இரவில் மூன்று சென்டிமீட்டர் இறங்குமாயின், ஒரு மாட்டின் நாள் முழுவதற்குமான நீரை மண் குடித்துவிட்டது.

நட்டம் அதனோடு நிற்பதில்லை. விதர்ப்பத்திலும் மாளவத்திலும் சௌராஷ்டிரத்திலும் பண்ணை நடத்தும் நம்மவர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பது கரிசல் நிலம். கோவில்பட்டிப் பக்கத்தார்க்கு அதன் குணம் தெரியும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒழுகும் பக்கத்து மண் உப்பித் தொட்டியின் அடித்தளத்தை மேலே தள்ள, மறுபக்கம் காய்ந்து தாழ்கிறது. மயிரிழை போன்ற வெடிப்பு விரிகிறது. வெடிப்பினால் ஒழுக்கு, ஒழுக்கினால் மேலும் வெடிப்பு என்றாகிவிடுகிறது. சேற்றில் நின்று நின்று மாடுகளின் குளம்பும் ஊறிப் புண்படுகிறது.

இதைக் கண்டவுடன் கொத்தனாரை அழைத்து உட்புறம் முழுவதும் மெல்லிய பூச்சுப் பூசச் சொல்வது வழக்கம். அது வீண் செலவு. வெடிப்பின்மேல் படிந்த மெல்லிய பூச்சு, வெடிப்பு அசைந்தவுடன் தானும் வெடிக்கும். முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்.

மாலையில் தொட்டியை நிரப்பி, நீர் வரும் குழாயை மூடி, மாடுகளை விலக்கி, நீர்மட்டத்தில் கரிக்கோடு ஒன்று இடுக. அருகில் ஒரு வாளி நீரும் வைத்து அதிலும் கோடிடுக. காலையில் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. தொட்டியில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் ஒழுக்குண்டு. மேலும் இறங்கவிட்டால், எந்த உயரத்தில் இறக்கம் நிற்கிறதோ அங்கேதான் வெடிப்பின் கீழ்முனை இருக்கும். முழுவதும் வற்றினால் அடித்தளத்தையோ, வடிகுழாய் மூட்டையோ ஐயுறவேண்டும். வெளிச்சுவரின் ஈரத்தை மட்டும் நம்பவேண்டா. நீர் சுவருக்குள் நெடுந்தூரம் ஓடி வேறிடத்தில் வெளிப்படும்.

இடம் தெரிந்தபின் பாசியை நன்றாகத் தேய்த்து நீக்கி, வெடிப்பை உட்புறத்திலிருந்து உளியால் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுக. பள்ளம் வாயைவிட உள்ளே சற்று அகன்றிருந்தால் கலவை கழன்று விழாது. தூசியைக் கழுவி, ஈரம் இருக்க, ஆனால் நீர் தேங்காமல், சிமெண்டுப் பாலைத் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சுத்தமான மணல் சேர்த்த இறுகிய கலவையைத் திணிக்கவேண்டும். பின்னர் ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்திக் காயாமல் காப்பது இன்றியமையாதது. அவசரக்காரர் மறுநாளே நீர் நிரப்புவதால்தான் பாதி வேலை பாழாகிறது.

வெடிப்பு இன்னும் அசைந்துகொண்டிருந்தால் சிமெண்டு நிற்காது. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட, நெகிழும் அடைப்புப் பொருளே அதற்கு உகந்தது. நிலக்கரித் தாரும், குழாய் மூட்டுகளில் முன்பு பூசிவந்த ஈயச் செந்தூரமும் கால்நடைக்கு நஞ்சு. மாடு எதையும் நக்கிப் பார்க்கும் பிராணி என்பதை மறக்கலாகாது. வேலை நடக்கும் வாரத்தில் நீர் வைக்க எடுக்கும் பீப்பாயும் பூச்சிமருந்து இருந்ததாக இருத்தல் கூடாது.

தொட்டியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு ஈரக் கரிசலை அகற்றி, சரளைமண் இட்டுத் திமிசு அடித்து, சிந்தும் நீர் ஓடிவிடச் சரிவும் அமைக்கவேண்டும். இவ்வேலையை விட்டால் அடுத்த கோடையில் அதே இடம் திறக்கும். உள்ளூர்க் கொத்தனாரிடம் தமிழ்ச் சொல் செல்லாது. இந்தி வழங்கும் ஊர்களில் ஹௌதி என்றும், குஜராத்தில் அவேடோ என்றும் கேட்டால் புரிந்துகொள்வார்.

புதுச் சிமெண்டில் காரம் உண்டு. முதலில் நிரப்பும் நீரை இருமுறை வடித்துவிட்டு, மூன்றாம் முறை நிரப்பிக் கரிக்கோட்டை மறுபடி இட்டு, ஓர் இரவு பார்த்தபின் மாடுகளை அவிழ்த்துவிடலாம்.