கேட்காமலே வரும் தட்டு... ஜப்பானில் ‘ஒதோஷி’ என்றால் என்ன?

டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1890-ல் தொடங்கிய சொகுசு விடுதி. ஜப்பானில் பஃபேயை ‘வைக்கிங்’ என்பார்கள். அந்தப் பெயர் 1958-ல் இங்கிருந்துதான் பரவியது.

ஆனால், இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே சில நிமிடம் நடந்தால் போதும். யுராகுச்சோ ரயில் பாலத்துக்கு அடியில் வரிசையாக யாகிதோரி கடைகள். கீழே கோழி வாட்டும் புகை, மேலே ரயில் சத்தம்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வரும். ‘ஃப்ரீ போல’ன்னு நினைச்சிடாதீங்க. அதுதான் ஒதோஷி. இருக்கைக் கட்டணம் மாதிரி, பில்லில் சில நூறு யென் ஏறும். ஏமாற்று வேலை அல்ல, அங்குள்ள வழக்கம். ஆனால் டிப்ஸ் வைக்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: காய்கறி சூப்பில்கூட ‘தாஷி’ எனும் மீன் சாறு இருக்கலாம். ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.