ஒத்தை அணுவை எப்படி நகர்த்துவாங்க?

காரைக்கால்மேட்டுல இருந்து ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவரோட அப்பா கடலுக்குப் போறவராம். நம்ம எபிசோடைக் கேட்டுட்டு, "கண்ணுக்கே தெரியாததை எப்படிடா நகர்த்துவாங்க? கதை விடுறானுங்க"ன்னாராம். நியாயமான சந்தேகம்தான்.

கயிற்றுல குண்டு கட்டி இறக்கி கடல் ஆழம் பார்க்கலாம் இல்லையா? தரையைக் கண் பார்க்கிறதில்லை, கை உணருது. ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பும் அப்படித்தான். ரொம்பக் கூரான ஒரு ஊசி, உலோகப் பரப்பைத் தொடாம, ஒரு நானோமீட்டர் மாதிரி இடைவெளியில நிக்கும். சின்ன வோல்டேஜ் கொடுத்தா எலக்ட்ரான்கள் அந்த இடைவெளியைத் தாண்டும். ஊசி 0.1 நானோமீட்டர் கிட்டப் போனாலே மின்னோட்டம் சுமார் பத்து மடங்கு ஏறிடும். அதான் அணு அளவு மேடுபள்ளம்கூட தெரியுது. பின்னிக்கும் ரோரரும் 1981-ல செஞ்ச கருவி, 1986-ல நோபல்.

சரி, நகர்த்துறது? கிரேன் மாதிரி தூக்கி வைக்கிறதா நினைக்காதீங்க. படகை மணல்ல இழுக்கிற மாதிரி. ஊசியை இன்னும் கிட்ட இறக்கினா அணு அதோட ஈர்ப்புல மாட்டும். ஊசி நகர்ந்தா, பரப்பை விட்டு எழும்பாமலே அணுவும் கூட வரும். ஊசியைத் தூக்கிட்டா அங்கேயே நின்னுடும். ஆனா கடுங்குளிர் வேணும், மைனஸ் 269 டிகிரி பக்கம். 1989-ல டான் ஐக்ளர் 35 செனான் அணுக்களை வெச்சு தன் கம்பெனி பேரான ஐபிஎம்-னு எழுதினது இப்படித்தான்.

எனக்கு அந்த விளம்பரத்தைவிட இன்னொரு வேலைதான் பிடிக்கும். ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச வித்யா மாதவன், பாஸ்டன் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவியா இருந்தப்போ, குழுவோட தங்கப் பரப்புல ஒத்தை கோபால்ட் அணுவை ஆராய்ஞ்சாங்க. கோபால்ட் அணு ஒரு குட்டிக் காந்தம். தங்கத்தோட எலக்ட்ரான்கள் அதைச் சூழ்ந்து காந்தத்தன்மையை மறைச்சிடும். கோண்டோ விளைவுன்னு பேரு. அதோட அடையாளத்தை ஒரே அணுவுல பிடிச்சு 1998-ல வெளியிட்டாங்க. அடுத்த வருஷம் அதே குழு ரெண்டு கோபால்ட் அணுக்களை ஊசியால கிட்டக் கிட்டக் கொண்டுவந்தாங்க. இடைவெளி 0.6 நானோமீட்டருக்குக் கீழே போனதும் அந்த அடையாளம் பொசுக்குனு காணாமப் போச்சு! ஒவ்வொண்ணா நகர்த்தி வைக்கிற கை இல்லேன்னா, இந்த எல்லைக்கோட்டை இவ்வளவு துல்லியமா எப்படிப் பார்க்கிறது?

'நகர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்'னு அப்பா அடுத்துக் கேட்பார். அதே ஊசி முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் எடுக்கும் ஐயா. ஆனா ஒரு ஊசி, ஒரு நேரத்துல ஒரு அணு. இந்த வேகத்துல போன் சிப் எல்லாம் செய்ய முடியாது.