சேர்ந்தோம், கலந்துகொண்டோமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் மாதம். ஆங்கில வகுப்பில் தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தருமாறு பேராசிரியர் பணித்தார். நான் தமிழ் வழியில் பயின்றவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். "எம்புள்ள காலேஜுல சேந்துட்டான்" என்று என் தாயார் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்த வாக்கியம்தான் அப்போது என் நினைவில் நின்றது. அதையே ஆங்கிலமாக்கி, "ஐ ஜாயின்ட் இன் த காலேஜ்" என்று முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன்.

தாள் திரும்பி வந்தது. 'இன்' என்ற சிறு சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். நான் கூசிப்போனேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. "இந்தச் சொல் இங்கே வேண்டாம். ஆனால் இதற்கென்று வேறோர் இடம் உண்டு. நூலகத்தில் அகராதி இருக்கிறது, பார்" என்று மட்டும் சொன்னார். அன்று அகராதியில் பார்த்ததையும், அதன்பின் இரண்டு ஆண்டுகளாக எண்ணிப் பார்த்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் நாம் கல்லூரி'யில்' சேர்கிறோம்; வேலை'யில்' சேர்கிறோம். 'சேர்' என்னும் வினை 'இல்' என்ற ஏழாம் வேற்றுமை உருபைத் தேடுகிறது. ஆங்கிலத்தில் 'ஜாயின்' என்னும் வினையோ, இவ்விடத்தில் எந்த உருபையும் கேளாமல் பெயர்ச்சொல்லை நேராகத் தழுவிக்கொள்கிறது. ஜாயின் த காலேஜ், ஜாயின் த ஆர்மி, ஜாயின் த கியூ. நாம் நம் 'இல்'லை விட மனமின்றி 'இன்' ஆக்கிக் கூடவே கொண்டு போகிறோம். அதே பழக்கத்தில்தான் 'பற்றி விவாதித்தோம்' என்பதை 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்றும், 'அறைக்குள் நுழைந்தேன்' என்பதை 'என்டர்ட் இன்டு த ரூம்' என்றும் எழுதிப் பிழை செய்கிறோம். ஆகவே இது அறிவுக் குறையால் வந்த பிழையன்று. தாய்மொழியின் இலக்கணத்தைப் பிறமொழியில் பொருத்திப் பார்ப்பதால் வந்த பிழை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். "ஐ ஜாயின்ட் த காலேஜ் இன் ஜூன்" என்பது சரியான வாக்கியமே. அங்கே 'இன்' ஜூன் மாதத்திற்கு உரியது. 'ஜாயின்' என்ற வினைக்கு உரியதன்று.

'ஜாயின் இன்' என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்', 'இன்' போன்ற சிறு சொல் ஒன்று ஒட்டிப் புதுப்பொருள் தருவதுண்டு. இதனை 'ஃப்ரேசல் வெர்ப்' என்பர். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. இது கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. 'எழுது' என்ற ஒரே வினையை எழுதிப்பார், எழுதிவிடு, எழுதிவை, எழுதித்தள்ளு என்று நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! தமிழ் கற்கவரும் வெளிநாட்டார் 'எழுதித்தள்ளினான்' என்பதைக் கேட்டால், யாரைத் தள்ளினான் என்று திகைக்கமாட்டாரா?

'ஜாயின்' என்பது ஓர் அமைப்பிலோ வரிசையிலோ போய்ச் சேர்தல். 'ஜாயின் இன்' என்பது, பிறர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு செயலில் தானும் புகுந்து அதைச் செய்தல். பின்னதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் 'கலந்துகொள்ளுதல்'.

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தூரம் போகவேண்டாம். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு தொடங்கிய மின்சார ரயில் இன்றும் நம்மில் பலரைக் கல்லூரிக்குச் சுமந்து வருகிறது. காலையில் தாம்பரத்தில் ஏறுகிறோம். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் ஒருவன் பெட்டியின் சுவரில் தாளம் தட்டிக் கானா ஒன்றைத் தொடங்குகிறான். பல்லாவரத்தில் ஏறியவன் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கிறான். மீனம்பாக்கம் வருவதற்குள் பெட்டியே பாடுகிறது. அவர்கள் எல்லோரும் 'ஜாயின் இன்' செய்தவர்கள். சன்னலோரம் அமர்ந்து வாய் திறவாமல் கிண்டி வரை வருபவனும் அதே பெட்டியில்தான் இருக்கிறான். ஆனால் அவனைக் குறித்து ஆங்கிலத்தில் "ஹி டிட் நாட் ஜாயின் இன்" என்றே சொல்வார்கள். இத்தொடருக்குப் பின் செயலின் பெயர் வரலாம், வராமலும் இருக்கலாம். 'ஜாயின் இன் த கேம்' என்பதும் சரி, விளையாடுவோரை நெருங்கி "மே ஐ ஜாயின் இன்?" என்று கேட்பதும் சரி.

இதனோடு உறவுடைய சொற்கள் இரண்டு. 'டேக் பார்ட் இன்' என்பது போட்டி, விழா, ஊர்வலம் போன்ற ஏற்பாடான நிகழ்ச்சிகளுக்குப் பெரிதும் பயன்படும். 'பார்ட்டிசிபேட் இன்' அதே பொருளைச் சற்று முறைமையான நடையில் சொல்வது. இவ்விரண்டிலும் நிகழ்ச்சியின் பெயர் வருமானால் 'இன்' கட்டாயம் வேண்டும். 'பார்ட்டிசிபேட்டட் த காம்பெடிஷன்' என்பது பிழை. 'ஜாயின்' என்பதில் தேவையின்றிச் சேர்த்த 'இன்'னை இங்கே தேவையிருந்தும் விட்டுவிடுகிறோம்!

'பார்ட்டிசிபேட்' என்னும் சொல் லத்தீன் மொழியில் 'பங்கு', 'எடு' என்று பொருள்படும் இரு சொற்களின் கூட்டிலிருந்து பிறந்தது. 'டேக் பார்ட்' என்பதும் அதே பொருள். நாம் சொல்லும் 'பங்குகொள்' என்பதும் அதுவே. இதில் வரும் 'கொள்' என்ற வினையை நோக்குங்கள். 'எடுத்தான்' என்பதற்கும் 'எடுத்துக்கொண்டான்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதில் செயலின் பயன் செய்தவனையே வந்தடைகிறது. கலந்துகொள்பவனுக்கும் அப்படித்தான்.

சோதனைக்குழாயில் ஒரு பாடம்

வேதியியல் மாணவனாகிய நான் இதைச் சோதனைக்குழாயிலும் கண்டேன். சாதாரண உப்பின் கரைசலில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டுகள் விடுகிறோம். உடனே தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் இணைந்து சில்வர் குளோரைடு ஆகிவிட்டன. சோடியம் அயனியும் நைட்ரேட் அயனியும் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. அதே குழாயில், அதே நீரில் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. இவற்றைப் 'பார்வையாளர் அயனிகள்' என்கிறோம். வினையை அயனிச் சமன்பாடாகச் சுருக்கி எழுதும்போது இவற்றை இருபுறமும் அடித்துவிடுகிறோம்.

செய்முறைப் பதிவேட்டில் அச்சமன்பாட்டை எழுதி சோடியத்தை அடித்த அன்று என் பேனா சற்று நின்றது. முதலாண்டு முழுவதும் நானும் அப்படித்தானே இருந்தேன்! வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது. மன்றக் கூட்டங்களில் கடைசி வரிசையில் என் உடல் இருந்தது. ஆனால் ஐயம் எழுந்தபோது கேட்டதில்லை. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் வாய் திறந்தால் இன்னொரு சிவப்பு வட்டம் விழுமோ என்ற அச்சம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அங்கே எனக்கு முன் படித்தவர் எவருமில்லை.

இவ்வாண்டு வேதியியல் மன்றக் கூட்டமொன்றில், உரை முடிந்ததும், எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக, இரண்டிடத்தில் தடுமாறித்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் இருந்த இன்னொரு மாணவர் எழுந்து என் கேள்வியைத் தொடர்ந்து மற்றொன்று கேட்டார். அன்று மாலை ரயிலில் அந்தச் சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. முன்பு போல் அது என்னைக் கூசவைக்கவில்லை.

என்னைப்போல் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் நண்பர்களே! பெற்றோர் கூலி வேலை செய்தும் கடன்பட்டும் நம்மைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். சேர்ப்பதோடு அவர்கள் பங்கு முடிந்தது. கலந்துகொள்வது நம் பங்கு. 'ஜாயின்' என்று எழுதும்போது 'இன்' வேண்டாம். கல்லூரி வாழ்வில் மட்டும் அதை விட்டுவிடாதிருப்போமாக.