தண்டனை முடிந்த மறுநாள்

கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் சக மாணவரை இழிவுபடுத்தினார் என்று புகார் எழுந்தால், நம் நிர்வாகங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றேதான். விசாரணைக் குழு கூடும், பெற்றோர் வரவழைக்கப்படுவர், மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கப்படும், இடைநீக்கம் அறிவிக்கப்படும். அந்தக் காலம் முடிந்ததும் இருவரும் அதே வகுப்பறையில், அதே உணவுக்கூடத்தில் மீண்டும் எதிரெதிரே அமர வேண்டும். அந்த நாளை எப்படிக் கடப்பது என்று ஒழுங்கு விதிகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பாதிக்கப்பட்டவரிடம் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பவரும் அரிது.

இந்த வெற்றிடத்தை நிரப்ப, கனடா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் சில பல்கலைக்கழகங்கள் கையாளும் வழிமுறையே 'மறுசீரமைப்பு நீதி'. எந்த விதி மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்று கேட்பது வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை. யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது, அவருடைய தேவை என்ன, அதைச் சரிசெய்யும் கடமை யாருடையது என்று கேட்பது மறுசீரமைப்பு நீதி. 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் பலருடைய உடைமைகளைச் சேதப்படுத்திய இரு இளைஞர்கள், நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் பாதிக்கப்பட்டவர்களின் வீடு வீடாகச் சென்று இழப்பை ஈடுசெய்ததை இதன் நவீனத் தொடக்கமாகக் கூறுவர். நியூசிலாந்து 1989-இல், மாவோரி மக்களின் மரபை உள்வாங்கி, சிறார் குற்றங்களுக்கான குடும்பக் கூட்டங்களைச் சட்டமாகவே ஆக்கியது.

செயல்முறை எளிது, நடத்துவதுதான் கடினம். பயிற்சி பெற்ற நடுநிலையாளர் ஒருவர் இரு தரப்பையும் முதலில் தனித்தனியே சந்திக்கிறார். தவறிழைத்தவர் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனமுவந்து இசைய வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கூட்டம் இல்லை. இருந்தால், உரியவர்கள் வட்டமாக அமர்ந்து நடந்ததைப் பேசுகிறார்கள். முடிவில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தமாகிறது. அதை நிறைவேற்றத் தவறினால் வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை தொடரும்.

இதன் வலிமையும் வரம்பும் ஒருசேர வெளிப்பட்ட இடம் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகம். அதன் பல் மருத்துவப் பிரிவின் இறுதியாண்டு மாணவர்கள் 13 பேர் இருந்த முகநூல் குழுவில், சக மாணவிகளைக் குறித்த வக்கிரமான பதிவுகள் இடம்பெற்றிருந்தது 2014 டிசம்பரில் வெளியானது. அனைவரையும் நீக்க வேண்டும் என்று பொதுவெளியில் குரல் எழுந்தது. பல்கலைக்கழகமோ அந்த மாணவர்களை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, மறுசீரமைப்பு நடைமுறையைத் தொடங்கியது. மாதக்கணக்கில் நடந்த அந்த நடைமுறையில் குழுவைச் சேர்ந்த 12 ஆண்களும் வகுப்பின் 14 பெண்களும் பங்கேற்றனர். 2015 மே மாதம் வெளியான அறிக்கை தனிமனிதர்களின் தவற்றோடு நிற்கவில்லை. அத்தகைய பேச்சை இயல்பாக்கிய கல்விச் சூழலையும் அது கேள்விக்கு உட்படுத்தியது. வெறும் நீக்க ஆணையால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

எனினும், அந்த வகுப்பின் நான்கு பெண்கள் பெயர் வெளியிடாமல் எழுதிய திறந்த கடிதம் மறுபக்கத்தைக் காட்டியது. இந்த வழியைத் தாங்கள் விரும்பவில்லை என்றும், இதை ஏற்கும்படி அழுத்தத்துக்கு உள்ளானதாகவும் அவர்கள் கூறினர். பங்கேற்ற பெண்களோ, தங்கள் விருப்பத்தின் பேரிலேயே இதைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரிவித்தனர். ஒரே வகுப்பில், ஒரே தீங்குக்கு ஆளானவர்களுக்குள் இரண்டு தேவைகள் இருந்தன. ஒரு சாரார் விரும்பும் சமாதானத்தை மறு சாரார் மீது சுமத்தும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் இல்லை என்பதே இதிலுள்ள பாடம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே கட்டப்பஞ்சாயத்து நினைவுக்கு வருவது இயல்பு. அந்த ஐயம் நியாயமானது. 'ஒரே கல்லூரிப் பிள்ளைகள், சமாதானமாகப் போங்கள்' என்ற சொற்களுக்குப் பின்னால் சாதியும் பணமும் நிறுவனத்தின் நற்பெயரும் அமர்ந்திருப்பதை நாம் அறிவோம். கட்டப்பஞ்சாயத்தில் வலியவர் முடிவெடுக்க, எளியவர் இணங்குகிறார். மறுசீரமைப்பு நீதியில் பாதிக்கப்பட்டவர் எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று எழுந்து செல்லலாம்; அதனால் அவருடைய புகார் வலுவிழக்காது. இந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்குமானால் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

சில குற்றங்கள் எந்த வட்டத்துக்குள்ளும் அடங்கா. 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்கு அது வழிவகுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ராகிங் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்யும் கடமையை நிறுவனத் தலைவர் மீது சுமத்துகிறது. சாதிய வன்கொடுமைக்கும் பாலியல் வன்முறைக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றை நீர்த்துப்போகச் செய்ய மறுசீரமைப்பு நீதி கருவியாகக் கூடாது.

ஆனால், தண்டனையின் தர்க்கத்துக்கும் எல்லை உண்டு. ராகிங் செய்தவர் யாரென்று அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டுத் தண்டனை விதிக்க அதே 2009 ஒழுங்குமுறை இடமளிக்கிறது. உண்மையைச் சொல்லத் துணியும் மாணவர், அதற்குப் பின் அந்த விடுதியில் எப்படி வாழ்வார் என்பதற்கு அதனிடம் விடையில்லை.

சட்டத்துக்கும் அலட்சியத்துக்கும் இடையே பெரும்பரப்பு இருக்கிறது. அறைத் தோழர்களின் பூசல், விடுதிச் சொத்துக்குச் சேதம், வகுப்புக் குழுவில் பகிரப்படும் கேலிச் சித்திரம் போன்றவையே நிர்வாகங்களின் மேசைக்கு அன்றாடம் வருபவை. இவற்றில் மறுசீரமைப்பு வழியைத் துணிந்து முயலலாம். அதற்கு நிர்வாகத்தின் அதிகாரப் படிநிலைக்கு வெளியே இருக்கும் பயிற்சி பெற்ற நடுநிலையாளர்களும், மறுக்கும் உரிமையை உறுதிசெய்யும் எழுத்துப்பூர்வ விதியும், ஒப்பந்தம் நிறைவேறியதா என்ற தொடர் கண்காணிப்பும் தேவை.

எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதம் கோப்பில் சேர்கிறது. அது பெரும்பாலும் முதல்வருக்கு முகவரியிடப்பட்டது. தீங்கிழைக்கப்பட்டவரை நோக்கி ஒரு மாணவர் பேசக் கற்றுக்கொள்ளும் இடமாகவும் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். அதைக் கேட்பதா, மறுப்பதா என்பதை அந்த மற்றவரே தீர்மானிக்கட்டும்.