எண்பத்தேழு ரூபாய் மண்ணெண்ணெய்

2022-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 470 ரூபாய், டீசல் 460 ரூபாய். மண்ணெண்ணெய் மட்டும் 87 ரூபாய். முந்தைய டிசம்பரில் நிர்ணயித்த விலை. அதன் பிறகு ஒரு காசு கூட ஏறவில்லை. ஏழைகளின் எரிபொருள் என்று அரசு அதைத் தொடாமல் வைத்திருந்தது. அரசு விட்டுவைத்தது விலையை மட்டும்தான். எண்ணெய் இல்லை.

யாழ்ப்பாணம் குருநகரிலும் மன்னார் பேசாலையிலும் இதன் பொருள் என்ன என்பது அன்று கடற்கரைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். அங்கே கரையோரத் தொழில் செய்பவர்களின் கண்ணாடியிழைப் படகுகளில் பின்னால் மாட்டியிருக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில்தான் ஓடும். எண்ணெய் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, பெற்றோல் செட் வாசலில் விடியற்காலையிலேயே கேன்கள் வரிசை கட்டும். ஆளுக்குப் பதிலாகக் கேன் நிற்கும். ஆள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். மாலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவார். கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

எண்ணெய் விலை ஏறினால் ஆட்சி ஆட்டம் காணும் என்பது பழைய பாடம். இலங்கையில் நடந்தது அதற்கு நேர் எதிரானது என்று சொல்லத் தோன்றுகிறது. ஏற வேண்டிய விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்ததில்தான் அங்கே வினை தொடங்கியது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 2018-ல் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர ஒரு விலைச் சூத்திரத்தைக் கொண்டுவந்தார். உலகச் சந்தை விலை, டாலர் மதிப்பு, வரி, செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து மாதாமாதம் பம்பு விலை மாறும். எதிர்க்கட்சியினர் அதைக் கேலி செய்தார்கள். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். சூத்திரம் கைவிடப்பட்டது. அதே கையோடு மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. கஜானாவுக்கு வரவு குறைந்தது. விலையைச் சொல்லும் கருவியும் போனது.

2020-ல் பெருந்தொற்று வந்து உலகமே வீட்டுக்குள் முடங்க, கச்சா எண்ணெய் விலை சரிந்தது. இலங்கையில் பெட்ரோல் விலை இறங்கவில்லை. உலக விலை திரும்ப ஏறியபோது பம்பு விலையை ஏற்றவும் தயங்கினார்கள். 2021 ஜூனில் ஒருவழியாகப் பெட்ரோல் 137-லிருந்து 157 ரூபாயானது. அப்போது நடந்த கூத்து வேடிக்கையானது. விலையை அறிவித்த எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில பதவி விலக வேண்டும் என்று கேட்டவர், ஆளும் கட்சியின் பொதுச் செயலாளரே! எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது; அது தோற்றது. ஆனால், இருபது ரூபாய்க்கே சொந்தக் கட்சி கழுத்தைப் பிடிக்கும் என்றால் அடுத்த முறை எந்த அமைச்சர் கை வைப்பார்?

விலையை அடக்கி வைத்தால் வித்தியாசத்தை யாராவது சுமக்க வேண்டும். இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் சுமந்தது. அதற்குக் கடன் கொடுத்து அரசு வங்கிகள் சுமந்தன. ரூபாய்க் கடன் மட்டும் என்றால் இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம். எண்ணெய்க் கப்பல்காரர் கேட்பதோ டாலர். சுற்றுலா படுத்துவிட்டது, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணமும் வங்கி வழியாக வருவது குறைந்துவிட்டது. 2021 நவம்பரில் சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் மூடப்பட்டது. நாட்டில் இருப்பது அந்த ஓர் ஆலைதான். அதன் பிறகு அது திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. பெட்ரோலும் டீசலும் கப்பலில் வந்து இறங்கலாம். மண்ணெண்ணெய் பெரும்பாலும் இந்த ஆலையிலிருந்துதான் வரவேண்டும். ஆலை மூடினால் குருநகரில் கேன் காலி.

இந்த நிலையில்தான் 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் முதல் வாரத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைத் தாண்டிப் போய்வந்தது. சுமார் 200 ரூபாயில் கட்டி வைத்திருந்த டாலர், கட்டு அவிழ்ந்ததும் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட விலையேற்றம் முழுவதும் சில வாரங்களில் வந்து விழுந்தது. ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420.

கையில் பணம் இருந்தவருக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை. மே 18-ம் தேதி அப்போதைய எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர நாடாளுமன்றத்தில் ஒரு கப்பலைப் பற்றிச் சொன்னார். பெட்ரோல் ஏற்றிய அந்தக் கப்பல் மார்ச் 28 முதல் கொழும்புக் கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது. சரக்கை இறக்க டாலர் இல்லை. அதற்கு முன் ஜனவரியில் கொடுத்த சரக்குக்கே 5.3 கோடி டாலர் பாக்கி. கரையில் மைல் கணக்கில் வாகன வரிசை, கடலில் நிறைந்த கப்பல்.

மார்ச் 22-ம் தேதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகளுக்குப் பின், அன்று பெட்ரோல் நிலையங்களுக்கு ராணுவம் அனுப்பப்பட்டது. அதே நாளில் தனுஷ்கோடி அருகே மணல்திட்டில் குழந்தைகளோடு சிலர் நின்றார்கள். இரவில் இன்னொரு படகு. மொத்தம் 16 பேர், வடக்கு இலங்கைத் தமிழர்கள். யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், குண்டுக்குப் பயந்து அல்ல, அரிசி விலைக்குப் பயந்து வந்தவர்கள். அன்றே இந்தியாவில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 80 காசு ஏறியது. 137 நாள் அசையாமல் இருந்த விலை, ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடிந்ததும் அசைந்தது. விலையைப் பிடித்து வைக்கும் பழக்கம் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் உண்டு. இங்கே அந்நியச் செலாவணி இருந்ததால் அது எண்ணெய் நிறுவனங்களின் நஷ்டக் கணக்கோடு நின்றது. அங்கே வீதிக்கு வந்தது.

வீதி என்றால், ஆட்டோ. பின்னாளில் கியூஆர் அட்டை முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லிட்டர் என்று அளந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நான்கு, காருக்கு இருபது. ஒரு லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் வாரத்துக்கு 125 கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு கொழும்பில் வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா? லாரி வாடகை ஏறியதும் காய்கறி ஏறியது, டீசல் இல்லாததால் வயலில் இயந்திரம் நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருளுக்கு மட்டும் 95 சதவீதத்தை ஒட்டி நின்றது. மார்ச் கடைசியில் ஒருநாள் மின்வெட்டு 13 மணி நேரம்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெட்ரோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மீதித் தூரத்தை மண்ணெண்ணெயில் புகையடித்தபடி ஓட்டியவர்கள். ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்த பிள்ளைகள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள். அப்போது அது அவர்கள் மட்டும் பட்ட பாடு. இந்த முறை கொழும்பின் வசதியான தெருக்களிலும் சைக்கிள் தேடினார்கள்; சைக்கிள் விலையும் எகிறியது.

ஏப்ரல் 19-ல் பெட்ரோல் விலை ஏறியதை எதிர்த்து ரம்புக்கனையில் ரயில் பாதையை மறித்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9-ல் பிரதமர் மகிந்த விலகினார். ஜூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசியச் சேவைகள் தவிர யாருக்கும் எண்ணெய் இல்லை என்று அரசே அறிவித்தது. எண்ணெய் இல்லாத ஊரில் கூட்டம் சேராது என்று யாராவது நினைத்திருந்தால் ஜூலை 9 அதைப் பொய்யாக்கியது. கண்டியிலும் காலியிலும் ரயில் நிலையங்களில் திரண்டவர்கள், அதிகாரிகளோடு மல்லுக்கட்டி ரயிலை ஓட வைத்தார்கள். மற்றவர்கள் சைக்கிளிலும் லாரியிலும் நடந்தும் வந்தார்கள். ஜனாதிபதி மாளிகை வீழ்ந்தது. சில நாளில் கோட்டாபய மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார்.

மண்ணெண்ணெய் விலைக்கு ஆகஸ்டில் முடிவு வந்தது. ஒரே இரவில் 87 ரூபாய் 340 ஆனது. ஒரு முறை கடலுக்குப் போக 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 2,175 ரூபாய்ச் செலவு 8,500 ஆகிவிட்டது. கேன் நிறைய வழி வந்தது. வலையில் விழும் மீன் அந்தக் காசைக் கொடுக்குமா என்பதுதான் தெரியவில்லை. அரசின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவ்வளவு பெரிய விலை வித்தியாசம் இருந்ததால், மீனவருக்கு வரவேண்டிய எண்ணெய் பஸ் டாங்கிக்குள் போவதாகப் புகார்கள் இருந்தன. ஆனால் மாதக்கணக்கில் யாரும் ஏற்றத் துணியாததை ஒரே இரவில் ஏற்றி, அதைப் படகுக்காரர் தலையில் வைத்ததை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. படிப்படியாக ஏறியிருந்தால் அவரும் படிப்படியாகச் சமாளித்திருப்பார்.

கேலி செய்யப்பட்ட விலைச் சூத்திரம் 2022-லேயே திரும்பி வந்துவிட்டது. மாதக் கடைசியில் புதிய விலை அறிவிப்பு வரும், ஏறும், இறங்கும். எதிர்க்கட்சி மேடைகளில் எரிபொருள் வரியைக் கடுமையாகச் சாடிய அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். மாதக் கடைசி அறிவிப்பு அவர் காலத்திலும் நிற்கவில்லை. கியூஆர் அட்டையை 2023 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

2025 பிப்ரவரி கடைசியில் பெட்ரோல் நிலைய முதலாளிகளின் மூன்று சதவீதக் கழிவை நிறுத்துவது பற்றித் தகராறு வந்தது. இனி எண்ணெய்க்கு ஆர்டர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். கையிருப்பு போதுமானது, பதற வேண்டாம் என்று அரசு சொன்னது. செய்தி பரவிய சில மணி நேரத்தில் நாடெங்கும் செட் வாசல்களில் மோட்டார் சைக்கிள்களும் ஆட்டோக்களும் மறுபடி வரிசையாக நின்றன.